ரெய்னர்ஸ் லேனுக்குப் போன கோல்கீப்பர்

1. வெற்றுப் பக்கம்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஆசிரியர் பாலேந்திரன் என்னிடம் ஒரு லேயவுட் தாளைத் தந்தார். மேலே ‘விளையாட்டு’ என்ற தலைப்பு ஒட்டப்பட்டிருந்தது. கீழே ஒன்றும் இல்லை.

“ஒக்டோபர் முடிஞ்சுது. இனி ஏப்ரல் வரைக்கும் ஒருத்தரும் பந்து அடிக்க மாட்டினம்,” என்றார். “ஆனா பக்கம் வரவேணும்.”

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் வாரப் பத்திரிகை லண்டனின் ஈஸ்ட் ஹாமில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் நடந்தது. நான் கொழும்பில் ஒரு நாளிதழில் தொழில் பழகியவன். அங்கே இரண்டு பேர் உறுதிப்படுத்தாத செய்தியை மேசையை விட்டு நகர்த்த மாட்டார்கள். இங்கே எங்கள் உதைபந்தாட்டக் கழகங்களின் குளிர்காலச் செய்திகளை உறுதிப்படுத்துவதற்கு ஆளே இல்லை. ஏனென்றால் அவை இன்னும் நடந்திருக்கவில்லை.

அடுத்த கோடையில் யார் எந்தக் கழகத்துக்கு ஆடப்போகிறார் என்பதே செய்தி. கழகங்கள் ஊர்ப் பெயரிலும் பள்ளிக்கூடப் பெயரிலும் இயங்கின. ஆட்டக்காரருக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் தலைவர்மாரிடம் பெற்றோல் நிலையமும் கடையும் மேல்மாடி அறைகளும் இருந்தன. புதிதாக வந்த இளைஞருக்குத் தேவைப்பட்டவை ஓர் அறையும் ஒரு ஷிப்டும். ஆகவே ஒருவர் கழகம் மாறினால் அவரது வீடு, வேலை, பஸ் இலக்கம் எல்லாம் மாறின.

கோடையில் நாங்கள் போட்ட கோல் கணக்கைப் பலர் படிக்கவில்லை. குளிர்காலத்தில் ‘கழகம் விட்டுக் கழகம்’ என்ற பத்தியை எல்லோரும் படித்தார்கள். பந்தை வாழ்நாளில் தொட்டிராதவர்கள் வெஸ்ட் ஈலிங் கோயிலில் பூசை முடிந்து செருப்புத் தேடும்போதும் அதைத்தான் கதைத்தார்கள்.

அந்தப் பத்திக்கென்று ஒரு நடை இருந்தது. ‘தெரியவருகிறது’ என்றால் ஒருவர் சொன்னார். ‘நம்பப்படுகிறது’ என்றால் ஒருவரும் சொல்லவில்லை. ‘மறுப்பதற்கில்லை’ என்றால் நாங்கள் கேட்கவில்லை.

2. பாரிய பொதி

எங்கள் முக்கிய செய்தியாளர் யோகன். அவருக்கு எழுத வராது. வீடியோக் கடை வைத்திருந்தார். வீடு வீடாகப் படக் கசெட் கொடுத்து வாங்குவதால் லண்டனில் எந்த வீட்டு வாசலில் யாருடைய சப்பாத்துக் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். கடைக்கு எங்களிடம் விளம்பரமும் போட்டார்.

ஒரு டிசம்பர் நாள் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

“ஜெகன் போறான்!”

“எங்கை?”

“ரெய்னர்ஸ் லேனுக்கு. என்ரை கண்ணாலை கண்டனான். தம்பிராசா வீட்டிலையிருந்து பெரிய பொதி ஒண்டைத் தூக்கிக்கொண்டு வாறான். பெட்சீற்றாலை மூடிக் கட்டியிருக்கு. தம்பிராசான்ரை மனிசி வாசல்லை நிண்டு கை காட்டுது.”

இதன் பாரத்தை அறிய இரண்டு கழகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈஸ்ட் ஹாம் கழகத்துக்குத் தலைவர் கனகசபை. ரெய்னர்ஸ் லேன் கழகத்துக்குத் தலைவர் தம்பிராசா. இரண்டு கழகங்களுக்கும் இலங்கையில் விட்டுவந்த ஒரே ஊரின் பெயர்; லண்டன் இடப்பெயரால்தான் நாங்கள் பிரித்துச் சொன்னோம். முன்பு ஒன்றாக இருந்து, குழுப்படத்தில் பிரதம விருந்தினருக்குப் பக்கத்துக் கதிரை யாருக்கு என்ற விவாதத்தில் பிரிந்தவை. அதன்பின் தம்பிராசா வீட்டுத் தண்ணீரும் தன் வாயில் படாது என்று கனகசபை பொதுக்கூட்டத்தில் சொன்னார். அதை நாங்கள் கட்டம் கட்டிப் போட்டோம்.

ஜெகன் கனகசபையின் கோல்கீப்பர். அவரது பெற்றோல் நிலையத்தில் வேலை, அவரது வீட்டு மாடியில் அறை. அகதி விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. அந்த முகவரியைத் தவிர லண்டனில் அவருக்கு வேறு பிடி இல்லை.

“பொடியனை ஒருக்காக் கேட்டுப் பாப்பமே?” என்றேன்.

“கேட்டா இல்லையெண்டுவான்,” என்றார் பாலேந்திரன். “பிறகு என்னத்தைப் போடுறது?”

இப்படி எழுதினேன்: ‘ஈஸ்ட் ஹாம் அணியின் பிரபல கோல் காப்பாளர், ரெய்னர்ஸ் லேன் தலைவரின் இல்லத்திலிருந்து பாரிய பொதியொன்றுடன் வெளியேறியதாகத் தெரியவருகிறது. புதிய சீருடைகளாக இருக்கலாம் என நம்பப்படுகிறது.’

3. மறுப்பு

பத்திரிகை கடைகளுக்குப் போன அன்று மத்தியானமே ஜெகன் வந்தார். பெற்றோல் நிலையத்துச் சீருடையைக்கூடக் கழற்றவில்லை. கோபமாக வருவார் என்று எதிர்பார்த்தேன். கதிரையின் நுனியில் இருந்தார்.

“அண்ணை, அது கிடாரம்.”

“எது?”

“பாரிய பொதி எண்டு எழுதியிருக்கிறியளே. அது சோத்துக் கிடாரம். எங்கடை கழக டின்னருக்குச் சமைக்க. மலர் அக்காதான் போய் எடுத்துக்கொண்டு வா எண்டவ.”

மலர் அக்கா கனகசபையின் மனைவி. அவரும் தம்பிராசாவின் மனைவியும் ஒன்றுவிட்ட சகோதரிகள். கணவன்மார் கதைக்காத ஆண்டுகளில் இவர்கள் தினமும் தொலைபேசியில் கதைத்தார்கள். பெரிய விருந்துக்கு ஒரே தடவையில் சோறு வடிக்கக்கூடிய கிடாரம் ரெய்னர்ஸ் லேன் வீட்டில்தான் இருந்தது.

“அப்ப கிடாரம் எண்டே போட்டுவிடுவம்,” என்றேன்.

“ஐயோ, வேண்டாம் அண்ணை! கோயில்லை எடுத்தது எண்டு அக்கா அவருக்குச் சொல்லியிருக்கிறா. உண்மை தெரிஞ்சா அந்த வீட்டிலை ஒருத்தரும் இருக்கேலாது.”

“அப்ப என்னத்தைத்தான் போடுறது?”

“நான் போகேல்லை எண்டு போடுங்கோ. அவர் காலமையிலயிருந்து என்னோடை கதைக்கேல்லை. அறையாலை எழும்பச் சொன்னா எனக்குப் போக இடமில்லை.”

கிடாரம் இல்லாமல் ஒரு மறுப்பு எழுத வேண்டும். ‘தனிப்பட்ட காரணத்துக்காகவே அங்கு சென்றார்’ என்று எழுதி ஆசிரியரிடம் நீட்டினேன்.

“தனிப்பட்ட காரணமோ? தம்பிராசாவுக்கு ரெண்டு குமர்ப் பெட்டையள் இருக்கு ஐசே. நாளைக்குக் கலியாணக் கதை கிளம்பும்.”

‘ஓர் உதவிக்காகச் சென்றார்.’

“ஆருக்கு உதவி? மற்றக் கழகத்துக்கோ?”

‘அங்கு செல்லவேயில்லை.’

“அப்ப யோகன் பொய்யனோ? விளம்பரத்தை நிப்பாட்டிப்போடுவான்.”

கடைசியில் எஞ்சியது ஒரு வரி: ‘கழகம் மாறும் எண்ணம் தமக்கு இல்லை என ஜெகன் தெரிவித்தார்.’ ஜெகன் தலையாட்டிவிட்டுப் போனார். பக்கம் ஒட்டும்போது வரியின் முடிவில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. பாலேந்திரன் ‘தற்போது’ என்ற சொல்லைச் சேர்த்து நிரப்பினார்.

4. டின்னர்

அடுத்த இதழ் வெளிவந்ததும் கனகசபை தொலைபேசியில் வந்தார்.

“தற்போது எண்டா என்ன ஐசே? ஏப்ரலிலை போவன் எண்டுதானே சொல்லுறான்?”

“அப்பிடி இல்லை அண்ணை, போகேல்லை எண்டுதான்...”

“போகாதவனுக்கு ஏன் மறுப்பு? என்னைப் பற்றி மறுப்புப் போட்டனீரோ? பொதிக்குள்ளை என்ன எண்டு கேட்டன். வாயைத் திறக்கிறானில்லை. குற்றம் இல்லாதவன் சொல்லுவான்தானே!”

ஜெகன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அறை தப்பியிருக்கும், மலர் அக்கா அகப்பட்டிருப்பார். கனகசபையும், தன் சொந்தக்காரர் வருகிறார்கள், அறை தேவை என்று மட்டுமே சொன்னார். அது நாகரிகமான வீடு. ஒருவரும் குரலை உயர்த்தவில்லை.

மலர் அக்காவும் கணவனிடம் எதையும் சொல்லவில்லை. தொலைபேசியை எடுத்துத் தன் சகோதரியோடு கதைத்தார். அந்த வார முடிவில் ஜெகன் உண்மையாகவே ரெய்னர்ஸ் லேனில், தம்பிராசா வீட்டு மாடியில் இருந்தார்.

பின்னர் தம்பிராசாவைக் கண்டபோது, எப்போது பேசி முடித்தீர்கள் என்று கேட்டேன்.

“நான் எங்கை பேசினது? உங்கடை பேப்பரைப் பாத்துத்தான் எனக்கே தெரியும். எங்களிட்டை நல்ல கீப்பர் இருந்தவன். ஆனா பேப்பரிலை வந்தாப் பிறகு வேண்டாம் எண்டா சனம் என்ன சொல்லும்? கனகசபைக்குப் பயந்திட்டான் எண்டெல்லோ சொல்லும்!”

இடம் இழந்த அந்த நல்ல கீப்பர் ஈஸ்ட் ஹாமுக்கு வந்தார். கனகசபையின் மாடி அறை அவருக்குக் கிடைத்தது. எதிர்பார்த்த சொந்தக்காரர் வரவில்லை.

கழக டின்னருக்கு நானும் ஆசிரியரும் போயிருந்தோம். கனகசபை விசுவாசத்தைப் பற்றிப் பேசினார். எதிரி வீட்டில் கை நனைப்பவனுக்கு இந்தக் கழகத்தில் இடமில்லை என்றபோது பலத்த கைதட்டல். பிறகு எல்லோரும் சாப்பிட்டோம். மலர் அக்கா சோற்றுக் கரண்டியோடு என் தட்டருகே வந்தார்.

“இன்னும் கொஞ்சம் போடட்டே தம்பி? நீங்கள்தானே பேப்பரிலை எழுதுறது?”

ஓம் என்றேன். கரண்டி நிறையப் போட்டார்.

அந்த வாரத் தலைப்பைப் பாலேந்திரன் தானே எழுதினார்: ‘நாம் முன்பே சொன்னோம்!’ பிரதிகள் வெள்ளிக்கிழமையே தீர்ந்துவிட்டன.

5. படித்த பாடம்

கோடையில் முதல் ஆட்டத்தின்போது கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று ஜெகனிடம் மன்னிப்புக் கேட்டேன். கையுறையை இறுக்கியபடி சிரித்தார்.

“விடுங்கோ அண்ணை. இனி எழுதேக்கை ஒரு மாதத்துக்கு முதலே சொல்லுங்கோ. நான் அறை பாத்து வைக்கலாம்.”

பகிடிக்குத்தான் சொன்னார். நான் அதை ஒரு தொழில் விதியாக எடுத்துக்கொண்டேன். சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் ஒரு வரியும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். எந்தப் பத்திரிகைப் பாடசாலையும் முதல் வகுப்பில் சொல்லித்தருவது இதைத்தான்.

அடுத்த குளிர்காலத்தில் யோகன் ஈஸ்ட் ஹாம் அணியின் பின்வரிசை ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றி ஒரு கதை கொண்டுவந்தார். எழுதுவதற்கு முன் அந்த இளைஞரைத் தொலைபேசியில் பிடித்தேன். நீங்கள் ரெய்னர்ஸ் லேன் கழகத்துக்குப் போவதாகக் கதை அடிபடுகிறது, உண்மையா என்று கேட்டேன்.

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே அண்ணை,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அங்கை அறைக்குள்ளை ஹீற்றர் இருக்காமோ?”

ஜனவரியில் அவர் போய்விட்டார்.