ஒரு விரல் கார்டு

ஞாயிறு ஆராதனையில் இரண்டாவது பாட்டின் நடுவே என் இடது கை நின்றுவிட்டது. பாட்டு நிற்கவில்லை.

பிள்ளைகளே, உங்கள் அப்பாவோ அம்மாவோ கை விழுந்துபோய் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தால், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டிவனத்தில் எங்கள் சபையில் கீபோர்டு வாசிப்பேன். தானாகத் தாளம் போடுகிற கீபோர்டு அது. இடது கையால் ஒரு கார்டு (மூன்று சுரங்களைச் சேர்த்து அழுத்துவது) பிடித்தால் டிரம்ஸ், பேஸ் எல்லாம் அதுவே வாசிக்கும். கையை எடுத்தாலும், அடுத்த கார்டு பிடிக்கும்வரை பழையதையே வாசித்துக்கொண்டிருக்கும்.

அன்று என் கை மடியில் விழுந்து கிடந்தது. பெட்டி ஜோராக ஓடியது. நான் புதுசாக ஏதோ முயற்சி செய்கிறேன் என்று நினைத்து சபையார் இரண்டு சரணம் பாடிவிட்டார்கள். முன்னால் நின்று பாடிய எஸ்தர்தான் திரும்பி, "அண்ணே, கார்டை மாத்துங்க. இன்னா, தூங்கிக்கினு வாசிக்கிறீங்களா?" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வாய் கோணிக்கொண்டது.

உடனே விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார் டாக்டரம்மா. சீக்கிரம் வந்ததால் அடைப்பைக் கரைக்கிற ஊசி போட முடிந்ததாம். வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ படுக்கவைத்து வேடிக்கை பார்க்கக் கூடாது. இதை நீங்களும் நினைவில் வையுங்கள்.

பேச்சு வந்தது, காலும் வந்தது. இடது கை மட்டும் வரவில்லை. பிசியோதெரபியில் (பயிற்சி கொடுத்துத் தசையைப் பழக்குவது) பந்தைப் பிசையச் சொன்னார்கள். எனக்குச் சலித்துவிட்டது. இனி வாசிப்பேனா என்று யாரையும் கேட்கப் பயந்து, கீபோர்டைத் துணி போட்டு மூடச் சொன்னேன்.

ஆறாவது படிக்கும் என் மகள் ஜெனி ஒருநாள் அந்தத் துணியை எடுத்துவிட்டு ஒரு பட்டனை அழுத்தினாள். ஒரே விரலால் கார்டு பிடிக்கிற வசதி அது. அப்படி வாசிக்கிறவர்களை நான் எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன்.

"இதெல்லாம் கொழந்தைங்க வாசிக்கிறதும்மா."

"நீயும் இப்பதானப்பா கை வெக்கக் கத்துக்கினு இருக்க."

இடது கை ஆட்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரொம்ப நேரம் கழித்து அது கீபோர்டின் கட்டைமேல் விழுந்தது. மொத்தக் கச்சேரியும் கிளம்பிவிட்டது. பந்து எதுவும் சொன்னதில்லை. இது, விரல் கொஞ்சம் அசைந்ததற்கே டிரம்ஸ் அடித்துக் கொண்டாடியது. நானும் ஜெனியும் சிரித்த சிரிப்பில் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

தினமும் வாசித்தேன், வேகத்தைப் பாதியாகக் குறைத்து. "கல்யாணப் பாட்டு அடக்கத்துக்குப் போற மாதிரி இருக்குதுங்க," என்றாள் மனைவி. "பரவால்ல, வாசிங்க."

ஒரு விரல் இரண்டானது. அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம் மூன்று விரலும் சேர்ந்து விழுந்தன. பண்டிகையன்று சபையில் நான்தான் வாசித்தேன்.

இன்றும் என் இடது கை தாளத்தில் அரைத் தட்டு தாமதமாகத்தான் வருகிறது. அதனால் கார்டு மாறுவதற்கு முன்பே அதைக் கூப்பிட்டுவிடுகிறேன். கிளம்பி, வழியில் கொஞ்சம் தயங்கி, சரியான இடத்தில் வந்து இறங்குகிறது. வலது கையும் காத்திருக்கப் பழகிவிட்டது. எங்கள் சபையில் இப்போது எல்லாப் பாட்டும் மெதுவாகவே போகிறது. மூச்சு வாங்கிப் பாதியில் விட்டுவிடுகிற பெரியவர்கள்கூடக் கடைசி வரிவரை பாடுகிறார்கள்.