பகவதியின் நூற்று அறுபத்திரண்டு சைபர்கள்

பகவதிக்குப் பொய் சொல்ல வராது. எட்டாம் வகுப்பில் அப்படி ஒருத்தி இருந்ததே அதிசயம். அவளுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்திருந்தது அதைவிட அதிசயம். எங்கள் வீட்டுக் கிணற்றில் சுறா ஒன்று குடியிருக்கிறது என்று ஒரு வாரம் வகுப்பையே நம்ப வைத்தவள் நான். நேற்று அது குட்டி போட்டது, குட்டிக்குக் காது குத்தினோம் என்று சொன்ன அன்றுதான் மாட்டிக்கொண்டேன்.

அவள் வீடு தூத்துக்குடிக்குத் தெற்கே ஓடைக்கரைத் தெருவில். அந்தத் தெருவில் எட்டாம் வகுப்பு வரை வந்த முதல் பெண் அவள்தான். ஓடை கடலில் விழும் இடத்துக்கு அரை மைல் மேலே, கரை மணலில் தோண்டிய ஊற்று ஒன்று இருந்தது. நாற்பது வீடும் அதைத்தான் குடித்தன. அதை விட்டால் நல்ல தண்ணீருக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும்.

1945 தை மாதம் ஓர் உப்பளக்காரர் தம் பாத்திகளுக்குக் கடல்நீர் கொண்டுபோக ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டினார். ஊற்றுக்குப் பத்தடி தள்ளி அது போயிற்று. ஒரு மாதம் கழித்துப் பகவதியின் அம்மா சுடலைமாடத்தி ஊற்றுத் தண்ணீரை வாயில் வைத்துத் துப்பினாள்.

"கரிக்குது."

சுடலைமாடத்தியின் நாக்கு சாதாரண நாக்கு இல்லை. மேகம் திரளும்போதே அது எந்தக் கடலில் மொண்டு வந்த மழை என்று கீழிருந்து சொல்லிவிடும். நான் பார்த்திருக்கிறேன்.

தெருவே சேர்ந்து மனு கொடுத்தது. விசாரிக்க வந்த அதிகாரி, "வாய்ப்பேச்ச வச்சு வாய்க்கால மூட முடியாது. ஆடி முடியட்டும். தண்ணி உப்பாகுதுன்னு அத்தாட்சி காட்டுங்க, மூடச் சொல்லுதேன்" என்றார்.

செய்தி பள்ளிக்கூடத்துக்கு வந்தது. எங்கள் ஞானதீபம் டீச்சருக்கு அப்போது இருபத்துமூன்று வயது. எதையும் அளந்து பார்த்துவிடலாம் என்ற நம்பிக்கை. "அத்தாட்சிதானே? எட்டாம் வகுப்பு எடுத்துக் கொடுக்கும்" என்றார். வேறோர் உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த தம் அண்ணனிடமிருந்து கண்ணாடிக் குழாய் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். அடியில் ஈயக்குண்டு, மேலே கோடுகள். தண்ணீரில் மிதக்க விட்டால், உப்புக்குத் தக்கபடி மேலே எழும்பும். கடல்நீரில் மூன்று டிகிரி காட்டியது. நாங்கள் கைதட்டினோம். ஊற்றுத் தண்ணீரில் சைபர் காட்டியது. சரி, இனிமேல்தானே ஏறும் என்று காத்திருந்தோம்.

பகவதி அளப்பாள், நான் நோட்டில் எழுதுவேன். விடுமுறையிலும் அவள் ஒரு நாள் விடவில்லை. பங்குனியிலும் சைபர், சித்திரையிலும் சைபர். தெருவில் கருப்பட்டிக் காப்பி கரித்தது. குழம்புக்கு உப்புப் போடுவதைக் குறைத்தார்கள்.

"ஒரு பிடி உப்பப் போட்டு அளந்தா என்னளா? யாரு பாக்கப் போறா?" என்றாள் சுடலைமாடத்தி.

"அது பொய்யில்லையாம்மா?"

வைகாசியில் ஒரு நாள் பகவதி தன் அம்மாவுக்குக் குடம் தூக்கிவிடப் போயிருந்தாள். எனக்குக் கை சும்மா இருக்குமா? அளக்க வைத்திருந்த குடத்தில் ஒரு பிடி உப்பைப் போட்டுக் கலக்கிக் குழாயை விட்டேன். அது சைபரிலேயே நின்றது. தண்ணீரை நக்கிப் பார்த்தேன், கரித்தது. அவள் திரும்பி வந்ததும் சொன்னேன்.

"ஏளா, உப்புப் போட்டேன். குழா ஏறலளா!"

"போளா, புளுகிணி. ஒங்க சுறாட்ட போயிச் சொல்லு." சிரித்துக்கொண்டே அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றினாள். மறுபடி ஊற்றில் மொண்டு அளந்தாள்.

டீச்சரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் உப்புப் போட்டதற்குப் பிரம்படி விழும். நானும் சிரித்துவிட்டு எழுதினேன்: சைபர்.

ஆடிக் கடைசியில் அதிகாரி ஊற்றங்கரைக்கு வந்தார். நோட்டைப் புரட்டினார். நூற்று அறுபத்திரண்டு நாள், நூற்று அறுபத்திரண்டு சைபர்.

"யாரு அளந்தது?"

"நாந்தான் சார்" என்றாள் பகவதி.

"பொய்யா எழுதினியா?"

"இல்ல சார்."

"அப்ப தண்ணி நல்லாத்தான இருக்கு?"

"கண்ணாடி அப்படித்தான் சொல்லுது சார். ஆனா கரிக்குது."

"ரெண்டுல எத எழுதிக்க?"

அவர் நோட்டை எடுத்துக்கொண்டு போனார். வாய்க்கால் இருந்த இடத்திலேயே இருந்தது.

"நூத்தறுவத்திரெண்டு நாளும் ஒனக்கு நாக்கு இல்லாமலா போச்சு?" என்றாள் சுடலைமாடத்தி. அடித்திருந்தால்கூடப் பகவதி தாங்கியிருப்பாள்.

குழாயைத் திருப்பி வாங்க வந்த டீச்சரின் அண்ணன் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். "வகுப்புல காட்டக் கேக்கன்னுல்லா நெனச்சேன்! இது பாத்தித் தண்ணி பாக்குற கண்ணாடி தாயி. இருவத்தஞ்சு டிகிரிய அளக்குறது. குடிக்கிற தண்ணில கரிக்கிற உப்பெல்லாம் இதுக்குத் தெரியவே தெரியாது." டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பகவதி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

டீச்சர் அதிகாரிக்கு இரண்டு கடிதம் எழுதினார். பதில் இல்லை. ஐப்பசிக்குள் ஊற்றை ஆடுகூட மோந்து பார்த்துவிட்டு விலகிற்று. விடியற்காலையில் இரண்டு மைல் போய்க் குடத்தோடு திரும்புவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். ஒரு மாதம் பகவதி பிந்திப் பிந்தி வந்தாள். பிறகு வரவே இல்லை.

நான் பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்த பிறகு, 1949 கோடையில் அவளைப் பார்க்கப் போனேன். உப்பளத்தில் வேலை செய்தாள். பாதம் முழுக்க வெடிப்பு. சுடலைமாடத்தி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பகவதி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னைக்கு நடக்க முடியலளா. ஊத்துத் தண்ணிதான்."

ஒரு வாய் குடித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நீ குடத்துல உப்புப் போட்டேன்னியே. நெசமாளா?"

நாலு வருஷமாக அந்தக் கேள்வியை அவள் வைத்திருந்திருக்கிறாள். நெசம் என்றால், தான் அன்று நம்பியிருந்தால் ஊற்றும் பள்ளிக்கூடமும் மிஞ்சியிருக்கும் என்று சாகும்வரை நினைப்பாள். அம்மா சொன்ன வார்த்தையும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

"சீ, புளுகு" என்றேன். "சுறாக் குட்டிக்குக் காது குத்தலியா, அது மாதிரிதான்."

அவளுக்கு மூச்சு வந்தது. "புளுகிணி" என்றாள்.

செம்பில் மிச்சமிருந்ததை அடிவரை குடித்தேன், முகம் சுளிக்காமல்.