ஏரிக்குள் நிற்கும் என் சட்டை

சில வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது இது. வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோவில் கொஞ்ச தூரம் போனால் ஒரு ஏரி வரும், அங்கே. இமயமலையிலோ அந்தமானிலோ நடந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது பெருமையாக இருந்திருக்கும். நான் உயிரை விடப் பார்த்ததோ என் வீட்டிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி.

நான் தனியாக ஊர் சுற்றுகிறவன். பிறந்தது திண்டுக்கல் பக்கம், ஐ.டி. வேலைக்காக நெமிலிச்சேரியில் ஒரு ஃப்ளாட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறேன். லீவு கிடைத்தால் முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். டூர் பேக்கேஜ், கைடு, கும்பல் எதுவும் எனக்கு ஆகாது. பேர் தெரியாத மலையூர்களில் தங்கியிருக்கிறேன். படகு வராமல் ஒரு குட்டித் தீவில் மாட்டிக்கொண்டு, தேங்காய் தின்றே பொழுதை ஓட்டியிருக்கிறேன். இதையெல்லாம் ஆபீஸ் கேன்டீனில் அளந்துவிடுவதில் எனக்கு அலாதி சந்தோஷம். ஆவடிக்கார நண்பன் ஒருவன் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் வாரினான். "தீவு தேடி எங்கெங்கியோ போறியே மச்சான், நம்ம ஏரிக்குள்ளயே ஒரு தீவு கீது, பாத்துக்கிறியா?"

ரோஷம் வந்துவிட்டது. அவன் சொன்னது ஏரி நடுவில் பனைமரங்களோடு இருக்கும் ஒரு மண்திட்டு. மழைக்காலத்தில் சுற்றிலும் தண்ணீர் நிற்குமாம். அந்த வருடம் மழை ஏமாற்றியதால் ஏரி பாதிக்கு மேல் காய்ந்து கிடந்தது. நடந்தே போய்விடலாம் என்று மொபைல் மேப்பைப் பார்த்து நானே முடிவு செய்தேன். உள்ளூரில் யாரிடமும் வழி கேட்கவில்லை. கேட்டால் அப்புறம் நான் என்ன தனிப் பயணி!

கரையில் ஏறியபோது விடிந்திருந்தது, ஆனால் ஒன்றும் தெரியவில்லை. அப்படி ஒரு பனி. எனக்கு உற்சாகம்தான். ஓசியில் ஒரு மலையூர் கிடைத்த மாதிரி இருந்தது. கரையிலிருந்து இறங்கி நடக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்திலேயே பின்னால் கரை காணாமல் போனது. ரயில் போகிற சத்தம் கேட்டது, எந்தப் பக்கம் என்று மட்டும் புரியவில்லை. மேப்பில் என்னைக் காட்டும் நீலப் புள்ளி தன் இஷ்டத்துக்கு அலைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எதிரே ஒரு ஆள் நிற்பதைப் பார்த்தேன்.

"அண்ணே, திட்டுக்கு எப்படிப் போகணும்?" என்றேன். அருகே போனால் ஆளே இல்லை. ஒரு மூங்கில் கழி, குறுக்கே ஒரு குச்சி, அதில் ஒரு கட்டம்போட்ட சட்டை. கழுத்து வரை பட்டன் போட்டிருந்தது. கைகளின் நுனியிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு அடி பின்வாங்கினேன். இருந்தாலும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தால், தள்ளி இன்னொரு உருவம். அதுவும் சட்டைதான். அதே அளவு, அதே தையல். ஒரே ஆள் எனக்கு முன்னால் போய்ப்போய் நின்று திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

இங்கேதான் என் அனுபவம் எனக்கு ஆப்பு வைத்தது. மலைகளில் பனியில் வழி தவறாமல் இருக்கப் பாதையோரம் துணி கட்டி வைப்பார்கள். துணியைப் பிடித்துக்கொண்டே போனால் ஊர் வந்துவிடும். 'அட, திட்டுக்குப் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள்' என்று நினைத்துக்கொண்டு, பயத்தை உதறிவிட்டு, சட்டை சட்டையாகத் தேடித் தேடி நடந்தேன். மூன்றாவது சட்டை வெள்ளை. பனியில் அது மிதக்கிற மாதிரி தெரிந்தது. அதைத் தாண்டிப் பச்சைப் பசேலென்று புல்தரை. இறங்கினேன்.

"யோவ்! அங்கியே நில்லு! காலத் தூக்காத!"

அந்தச் சட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. பெண் குரல். சத்தியமாக அப்படித்தான் எனக்குக் கேட்டது. அதே நேரம் என் வலது கால் புல்லுக்குள் போய்க்கொண்டே இருந்தது. புல் இல்லை அது, ஆகாயத்தாமரை. அடியில் சில்லென்ற தண்ணீர், அதற்கடியில் எதுவுமே இல்லை. தொடை வரை போய்விட்டது. முதுகுப் பை வேறு என்னை முன்னால் தள்ளியது. அம்மா முகம் ஒருதரம் வந்து போனது.

சட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு மூங்கில் கழி நீண்டது. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். இழுத்துப் போட்டது ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். பக்கத்துத் தொழிற்பேட்டை கம்பெனி ஒன்றின் யூனிஃபார்ம் கோட்டைப் புடவைமேல் போட்டிருந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வருவதற்குள் வசவு விழுந்தது.

"இன்னாய்யா, சட்டை நிக்கிறது கண்ணுக்குத் தெர்ல? அத்தப் பாத்தும் வந்துகினே கீற!"

"பாதைன்னு நெனச்சேன்க்கா."

"பாதைக்கு எவனாச்சும் செத்தவன் சட்டைய நடுவானா?"

அவர் புருஷனின் சட்டைகள் அவை. லாரியில் மண் அள்ளிப்போய், ஏரி முழுக்கப் பனைமர ஆழத்துக்குக் குழிகள். முந்தின வருடம் ஆட்டைத் தேடி வந்தவர் இதே குழியில் மூழ்கிப் போய்விட்டாராம். அதற்கப்புறம் தண்ணீர் வற்றியதும் இந்த அம்மா ஒவ்வொரு குழிக்கரையிலும் ஒரு சட்டையை நடுகிறார்.

"வெறும் குச்சின்னா அடுப்பெரிக்கப் புடுங்கினு பூடுவாங்க. செத்தவன் சட்டைய எவனும் தொடமாட்டான். இத்தப் பாத்தா எங்க ஜனம் கிட்டக்கூட வராது. நீ ஒருத்தன்தான் தேடி வந்துக்கிற."

அவர் தோளில் இன்னொரு சட்டை கிடந்தது. பட்டுக்கரை வைத்த வெள்ளைச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை. அங்கே நின்ற சட்டை காற்றில் முதுகுப் பக்கம் கிழிந்து போய்விட்டதாம், அதற்குப் பதிலாக நட வந்திருக்கிறார். "கல்யாணத்துக்கு எட்த்தது. ஊட்ல இதான் பாக்கி" என்றார். சொல்லும்போதே அதை ஒருதரம் முகத்தில் வைத்துக்கொண்டார்.

நான் போட்டிருந்த ஆரஞ்சு நிறச் சட்டையைக் கழற்றி நீட்டினேன். மலையில் தொலைந்துபோனாலும் தூரத்தில் தெரியவேண்டும் என்று தேடி வாங்கியது.

அவர் பதறிப்போனார். "ஐய, வேணாம்ண்ணா. உசுரோட கீற ஆளு சட்டைய நடக்கூடாது."

"நீங்க கூப்பிடலேன்னா இந்நேரம் இது செத்தவன் சட்டைதானேக்கா."

கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டார். பிறகு வாங்கிக்கொண்டார். கல்யாணச் சட்டையைக் கோட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, என் சட்டையைக் கழியில் மாட்டி, கழுத்து வரை பட்டன் போட்டார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பனியனுக்கு மேல் பையிலிருந்த ஜெர்கினைப் போட்டுக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு அவர் பின்னாலேயே கரைக்கு வந்தேன். திட்டுக்கு நான் போகவேயில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு புதுச் சட்டையும் கொஞ்சம் பழமும் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் நின்றபோது மாஸ்டர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெளியூர்க்காரனாம் நைனா. பேக்கு மாட்டிகினு தனியா ஏரில எறங்கிக்கிறான், அதோட சரி. ஆரஞ்சு கலர் சட்டை நிக்குது பாரு, அவன்துதான். பனியில இன்னும் வழி கேட்டுகினு கீறானாம்."

பக்கத்தில் நின்றவர் "அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்கமாட்டேம்ப்பா" என்றார். நான்தான் அது, இதோ நிற்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அந்தச் சட்டைக்கு அப்புறம் யார் பயப்படுவார்கள்? டீயைக் குடித்துவிட்டு அந்த அம்மா வீட்டைத் தேடி நகர்ந்தேன்.

இன்றும் மலைக்கும் தீவுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எந்த ஊரில் பனி இறங்கினாலும் எனக்கு அந்த ஏரிதான் ஞாபகம் வருகிறது. எத்தனையோ இடங்களில் உயிரோடு நின்று வேடிக்கை பார்த்த நான், நாலு பேருக்கு உபயோகமாக நிற்கிற ஒரே இடம் நான் செத்துப்போன அந்தக் குழிக்கரைதான் என்று நினைக்கும்போது பயமாகவும் இருக்கிறது, நிம்மதியாகவும் இருக்கிறது.