கீழ்வீட்டுப் பெண்ணும் மோட்டார் சைக்கிளும்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஆஹென் நகரில் நாங்கள் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். என் கணவர் அங்கே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நான் திருச்சியிலிருந்து கல்யாணமாகிப் போய்ச் சேர்ந்து ஒரு குளிர்காலம் கழிந்திருந்தது. ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு மாணவனிடம் அவர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அது ஓடியதைவிட நின்றது அதிகம். ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் சத்தம் கேட்கக்கூடாது என்பது வீட்டுக்கார அம்மாளின் சட்டம். அதனால் சனிக்கிழமை முழுவதையும் அவர் வண்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

முதலில் எனக்கு வண்டி மேல்தான் எரிச்சல். பிறகு அது தரைத்தளத்தில் இருந்த பெண்ணின் மேல் திரும்பியது.

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். ஏதோ தொழிற்சாலையில் வரைபடம் வரையும் வேலை. சொந்தமாக மோட்டார் சைக்கிள் வைத்திருந்தாள். அண்ணன்மாரோடு வளர்ந்ததில் ஸ்பேனர் பிடிக்க வந்துவிட்டதாம். இவர் தடுமாறுவதைப் பார்த்து ஒரு சனிக்கிழமை உதவ வந்தாள். அதன்பிறகு எல்லாச் சனிக்கிழமையும் வந்தாள். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் இரண்டு தலைகள் வண்டியின் மேல் குனிந்திருப்பது தெரியும். ஒன்று கறுப்பு, ஒன்று வைக்கோல் நிறம். அவள் கன்னத்தில் கிரீஸ் ஒட்டியிருந்தாலும் அழகாகத்தான் இருந்தாள். நான் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொள்வேன். புடவை மேல் கம்பளிச் சட்டை, அதன் மேல் இன்னொரு கம்பளிச் சட்டை.

ஒருநாள் கை துடைக்கக் கந்தல் கேட்டார் என்று இறங்கிப் போய்க் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் வேகமாக ஏதோ சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். மாலை வகுப்பில் நான் படித்த ஜெர்மன் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

மேலே வந்ததும் கேட்டேன். "என்னங்க சொன்னா அவ?"

"ஒண்ணுமில்ல. டெக்னிகல் விஷயம். உனக்குப் புரியாது."

அன்று அவர் சட்டையில் இருந்த கிரீஸை நான் துவைக்கவில்லை. அப்படியே மடித்து அலமாரியில் வைத்தேன். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

அடுத்த மாதம் ஒரு கருத்தரங்குக்காக ஒரு வாரம் மியூனிக் போனார். ஊரிலிருந்து திரும்பியதும் ஆயில் மாற்ற வேண்டும் என்று சொல்லி, புது ஆயில் டப்பாவைக் கதவோரம் வைத்துவிட்டுப் போயிருந்தார். அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அவள் செய்வதை நான் செய்தால் என்ன? எஞ்சினுக்கு அடியில் உள்ள திருகைக் கழற்றினால் பழைய ஆயில் வரும் என்பது ஜன்னலிலிருந்தே தெரிந்திருந்தது. பால் காய்ச்சும் பாத்திரத்தோடு முற்றத்துக்கு இறங்கிப் போய், அதை வண்டிக்கு அடியில் வைத்தேன். ஸ்பேனரை இரண்டு கையாலும் இழுத்தேன். திருகு சட்டென்று விட்டுக்கொடுத்து, ஆயில் கறுப்பாகக் கொட்டியது. பாத்திரம் கண்ணெதிரே நிரம்பி வழிந்தது. விரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு, எழுந்திருக்கவும் முடியாமல் குந்தியிருந்தேன்.

அப்போதுதான் அவள் வேலையிலிருந்து வந்தாள். வேறு யார் வந்திருந்தாலும் எனக்குப் பரவாயில்லை.

அவள் சிரிக்கவில்லை. உள்ளே ஓடிப்போய்ப் பழைய வாளியும் மரத்தூளும் கொண்டுவந்தாள். கல்தரையை இருவரும் சேர்ந்து தேய்த்தோம். முடிந்ததும், எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"உனக்கு இதெல்லாம் பிடிக்காதுன்னுல்ல உன் வீட்டுக்காரர் சொன்னார்?"

"எப்போ சொன்னார்?"

"கந்தல் கொண்டுவந்தியே, அன்னைக்கு. நீ ஏன் எங்ககூட வர்றதில்லைன்னு கேட்டேன். அவளுக்கு சமையல் போதும்னார்."

என் முகம் சூடாகிவிட்டது. "எனக்குக் கத்துக்கணும்" என்றேன். அந்த வாக்கியம் மட்டும் ஜெர்மனில் பிழையில்லாமல் வந்தது.

அந்த வாரம் தினமும் அவள் வேலை முடிந்து வந்ததும் முற்றத்தில் இருந்தோம். எஞ்சினைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கிவிட்டால் ஆயில் முழுசாக இறங்கும் என்று கற்றேன். பிளக்கைக் கழற்றி நுனியைப் பார்க்கக் கற்றேன். காபித்தூள் நிறமென்றால் நல்லது, கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. பின்சக்கரத்தைத் தளர்த்திச் செயினை இறுக்கும்போது இரண்டு பக்கமும் சமமாகத் திருக வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் கோணிவிடும். நான் கோணலாக்கினேன். அவள் எல்லாவற்றையும் பழையபடி தளர்த்தி என் கையில் ஸ்பேனரைத் திணித்தாள்.

கணவர் திரும்பி வந்து வண்டியை உதைத்தார். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது.

"யாரு பாத்தா வண்டிய?"

"நான்தான். ஆயில் மாத்தி, பிளக் கிளீன் பண்ணி, செயினும் டைட் பண்ணேன்."

"அவ பண்ணிக் குடுத்தாளா?"

"சொல்லிக் குடுத்தா. பண்ணது நான்."

அவர் குனிந்து செயினை விரலால் அழுத்திப் பார்த்தார். குற்றம் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவரும் இறங்கி வந்தார், ஆனால் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே வேலை செய்ததில் அவருக்கு இடம் இருக்கவில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் அப்படி என்னதான் பேச இருக்கு?" என்று இரவுச் சாப்பாட்டில் கேட்டார். உனக்குப் புரியாது என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. சொல்லாமல் ரசத்தை ஊற்றினேன். கோடையில் அவள் வண்டியின் பின்னால் உட்கார்ந்து ஹாலந்து எல்லைவரை போய்வந்தேன். திரும்பி வந்தபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஹம்பர்க்கிலிருந்து உயரமான ஒருவன் வேனோடு வந்து, அவள் வண்டியை அலுங்காமல் ஏற்றிக் கயிறு கட்டினான். நல்ல மனிதன்தான், என் கையைக் குலுக்கினான். அவள் முன்சீட்டில் ஏறி அவன் தோளில் கை போட்டாள். அவனை எனக்கு அறவே பிடிக்கவில்லை.