ஜீவமணி நர்ஸின் சீசா

தூத்துக்குடிக் கடற்கரைத் தெருக்களில் ஜீவமணிக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அச்சில் போடக் கூச்சமான பெயர்தான். ஆனால் அதை விட்டுவிட்டு அவள் கதையைச் சொல்ல முடியாது. 'மூத்திர நர்ஸ்' என்றார்கள். மீன் ஏலம் போடும் இடத்தில் அவள் வெள்ளைச் சேலை தெரிந்தால் போதும், "ஏலே, அளக்க வாராவ, அடக்கி வச்சுக்கோ" என்று எவனாவது குரல் கொடுப்பான். கூட்டம் சிரிக்கும்.

ஜீவமணி தலையைக் குனிந்துகொண்டு போகிறவள் இல்லை. நின்று, "அடக்கி வச்சா நேரா எங்கிட்டதான் வருவ. அங்கன வச்சு அளந்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நடப்பாள்.

சாயர்புரத்துக்காரி. நர்ஸ் படிப்பு முடித்த கையோடு வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். அவளோ பட்டாளத்து ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பெயரைக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். பர்மா யுத்தம் உச்சத்தில் இருந்த சமயம் அது. அஸ்ஸாமில், மழை ஒழுகும் கூடாரங்களில் அவள் வேலை பார்த்தாள். குண்டுக்காயத்தோடு வருகிறவன் ரத்தம் போய்ச் சாவதை அவள் எதிர்பார்த்தே போயிருந்தாள். எதிர்பாராதது வேறொன்று. ரத்தம் நின்று, கட்டுப் போட்டு, காலையில் கடுதாசி எழுதித் தரச் சொன்ன பையன், காயத்தின் விஷம் ரத்தத்தில் ஏறி, சாயங்காலத்துக்குள் கை கால் சில்லிட்டுப் போய்விடுவான். அவனை எந்த நேரத்தில் கை நழுவவிட்டோம் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. அந்த நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே அவள் மனதில் விழுந்தது. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய பிறகும் அது அவளை விடவில்லை.

அதே எண்ணத்தோடு இன்னொருவர் தூத்துக்குடியில் இருந்தார். டாக்டர் தேவபிரசாதம். துறைமுகத்தை ஒட்டிய ஒரு சின்ன ஆஸ்பத்திரி அவருடையது. ஜீவமணி அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். மூட்டை விழுந்து கால் நசுங்கியவர்கள், தூண்டில் முள் ஏறியவர்கள், சிப்பியில் கால் அறுபட்டவர்கள் என்று காயக்காரர்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை.

"பிரஷர் விழுந்த பிறகு ஆபத்துன்னு சொல்றதுக்கு டாக்டர் எதுக்கு, சிஸ்டர்? அதைக் கல்லறை வெட்டுறவனே சொல்லிடுவான்" என்பார் அவர். "பிரஷர் விழறதுக்கு முந்தி உடம்பு என்ன சொல்லுதுன்னு பாக்கணும்."

அதைத்தான் இருவரும் பார்த்தார்கள். சீழ் பிடித்த காயத்தோடு வரும் ஒவ்வொருவருக்கும் நாடி, மூச்சு, பிரஷர், கால் எதுவரைக்கும் சில்லிட்டிருக்கிறது என்பது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டிலுக்கு அடியில் சிறுநீர் பிடித்து அளக்க ஒரு கண்ணாடிச் சீசா. தண்ணீர் வராத நாளில் வீட்டுக்காரி துணி துவைப்பதை நிறுத்திவிட்டுக் குடிக்கத் தண்ணீரை ஒதுக்கி வைப்பதில்லையா, அதுபோல ரத்த ஓட்டம் தளரும்போது உடம்பும் தோலையும் சிறுநீரகத்தையும் பட்டினி போட்டுவிட்டு மூளையையும் இதயத்தையும் காப்பாற்றப் பார்க்கிறது. ஆகவே பிரஷர் சரியாக இருக்கும்போதே சீசா வற்றிவிடும் என்பது டாக்டரின் சந்தேகம். சந்தேகம் நிரூபணமாக வேண்டுமென்றால் அளக்க வேண்டும். ஜீவமணி அளந்தாள். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

அந்த வருஷம் சங்குக் குளி நடந்துகொண்டிருந்தபோது ரோச் வந்தான். கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்கிச் சங்கெடுக்கும் குளியாளி அவன். நல்ல மூச்சுக்காரன் என்று பெயர். கரையோரம் வள்ளத்தைத் தள்ளும்போது திருக்கை மீனை மிதித்துவிட்டான். வால் முள் பாதத்தில் ஏறியது.

திருக்கை குத்தினால் அந்தக் கரையில் செய்வது ஒன்றுதான். மணலை வறுத்து, தாங்குகிற சூட்டில் காலைப் புதைப்பார்கள். உயிர் போகிற வலி கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஜீவமணிக்கும் அது தெரியும். அதோடு அவளுக்குச் சண்டை கிடையாது. ரோச்சுக்கும் வலி அடங்கியது. மறுநாளே கடலுக்குப் போனான். அப்புறம் கால் பூசணிக்காயாக வீங்கி, தொடை வரைக்கும் சிவப்புக் கோடு ஓடிய பிறகு, அவன் மனைவி அந்தோணியம்மாளும் தம்பி இஞ்ஞாசியும் மாட்டு வண்டியில் தூக்கிவந்தார்கள்.

டாக்டர் காலைக் கீறிச் சீழை வெளியேற்றினார். உள்ளே ஒடிந்து கிடந்த முள்துண்டு ஒன்றும் வந்தது. பெனிசிலின் ஊசி போடப்பட்டது. மறுநாள் காலையில் ரோச் வேகவேகமாக மூச்சு விட்டான்.

"கயித்தை இழுலே… மூச்சு முட்டுது, இழு" என்றான் கூரையைப் பார்த்து. கடலுக்கடியில் இருப்பதாக நினைப்பு. பாதம் ஐஸ் மாதிரி இருந்தது. பிரஷர் நன்றாகவே இருந்தது. ஆனால் சீசாவில் அடிமட்டத்தில் கொஞ்சம்தான் கிடந்தது.

டாக்டர் பிரஷருக்காகக் காத்திருக்கவில்லை. சிறுநீர்ப் பைக்குள் ரப்பர் குழாய் செலுத்தி, அதன் நுனியைச் சீசாவில் விட்டார். பட்டாளம் கலைந்தபோது வாங்கி வைத்திருந்த, ரத்தத்திலிருந்து பிரித்துக் காயவைத்த பிளாஸ்மாத் தூளைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, கைநரம்பு வழியாக ஏற்றச் சொன்னார்.

மதியம் ஜீவமணி போர்வை நுனிக்குள் கையை விட்டு ரோச்சின் பாதத்தைத் தொட்டாள். வெதுவெதுவென்றிருந்தது! அவளுக்குத் துள்ளலாம் போலிருந்தது. "டாக்டர், கால் சூடாயிட்டு!" என்று வராந்தாவிலிருந்தே கூப்பிட்டாள். அவரும் வந்து தொட்டுப் பார்த்துச் சிரித்தார். சிரித்த முகத்தோடே குனிந்து சீசாவைப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"கால் சூடாயிட்டு, சரி. அப்போ இது ஏன் காலையில இருந்த மாதிரியே கிடக்கு?"

ஜீவமணி பிரஷர் பார்த்தாள். விழுந்திருந்தது. நாடி நூலாக ஓடியது. ஒரு கணம் ஒன்றும் புரியாமல், பிறகு சட்டென்று போர்வையை முழுசாக விலக்கினாள். ரோச்சின் தொடைக்கு இரண்டு பக்கமும், முழங்காலுக்கு அடியிலும், பாதங்களுக்கு நடுவிலும் துணி முடிச்சுகள். தொட்டதும் சுட்டது. வறுத்த மணல். ஆஸ்பத்திரி அடுப்பிலேயே வறுத்தது. ஆயா பகவதி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரு வச்சா?"

"நாந்தேன்" என்றாள் அந்தோணியம்மாள். குரலில் பயம் இல்லை. "பகவதி அக்காவைத் திட்டாதிய. நாந்தேன் அழுது கேட்டேன்."

"போர்வையைத் தவிர வேற ஒண்ணும் வைக்கக் கூடாதுன்னு காலையிலேயே சொன்னேம்லா?"

"சொன்னிய. குளிருதுன்னு சொல்லுத மனுசனுக்குப் பொண்டாட்டி சூடு வைக்காம வேற என்னத்த வைப்பா? அன்னைக்கு முள் குத்தும்போது இந்த மணலுதான் காப்பாத்துச்சு. ஒங்க ஊசி வந்துச்சா?"

ஜீவமணி முடிச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். அஸ்ஸாமில் அவளும் வெந்நீர்ப் பைகளை அடுக்கியவள்தான், ஒரு டாக்டர் கத்தித் தடுக்கும்வரை. அதனால் இந்தப் பெண்ணிடம் கோபப்பட அவளால் முடியவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் முடியாது.

"கையைக் கொண்டா" என்று அந்தோணியம்மாளின் கையைப் பிடித்து ரோச்சின் நெஞ்சில் வைத்தாள். "எப்படி இருக்கு?"

"தீயா கெடக்கு."

"உள்ள தீயா இருக்கவனுக்குக் குளிரா? கேளு. முள் குத்தின அன்னைக்கு விஷம் கால்ல இருந்துச்சு. மணல் அதை அடக்கிச்சு. அன்னைக்கு நீ செஞ்சது சரி. இன்னைக்கு விஷம் ரத்தத்துல கெடக்கு. உடம்பு இருக்க ரத்தத்தையெல்லாம் நெஞ்சுக்கும் தலைக்கும் இழுத்து வச்சிருக்கு. அதனாலதான் கால் சில்லுன்னு இருக்கு. நீ மணலை வச்சு அதைத் தோலுக்கு இழுத்துட்ட. நெஞ்சு என்ன செய்யும்?"

வாசலில் நின்ற இஞ்ஞாசி உள்ளே வந்தான்.

"மைனி, இவிய பேச்சு போதும். அண்ணனை வீட்டுக்குக் கொண்டு போயிருவோம். செத்தாலும் மாதா கோயில் பக்கத்துல சாவட்டும். வண்டியைக் கூப்பிடுதேன்."

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் ஜீவமணி கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் வந்து நின்றாள். அவள் ஒன்றும் வாட்டசாட்டமான ஆள் இல்லை. ஆனால் இஞ்ஞாசி நின்றான்.

"சாயங்காலம் மாதா கோயில்ல திருந்தாதி மணி அடிக்கும்லா? அதுவரைக்கும் எங்கிட்ட விடு. அதுக்குள்ள அந்தச் சீசாவுல ஒண்ணும் விழலன்னா நானே வண்டியில ஏத்தி விடுதேன். ஆனா அதுவரைக்கும் ஒரு பிடி மணலு உள்ள வரக் கூடாது."

"மூத்திரத்துல ஜோசியமா?" என்றான் இஞ்ஞாசி. அண்ணியைப் பார்த்தான். அவள் கணவனின் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இஞ்ஞாசி வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டான்.

பிறகு வேலை நடந்தது. கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தினார்கள். ஒற்றைப் போர்வை போதும் என்றாள் ஜீவமணி. டாக்டர் காலை மறுபடி கீறிப் பார்த்தார். குதிகாலுக்கு மேலே, ஆழத்தில், முதல் தடவை கைக்கு எட்டாத சீழ் தேங்கியிருந்தது. அதையும் வெளியேற்றினார். அடுத்த பிளாஸ்மாப் புட்டி ஏறியது. அலமாரியில் அதுதான் கடைசி.

அந்தோணியம்மாளைத் தரையில் சீசாவுக்கு எதிரே உட்கார வைத்தாள் ஜீவமணி. "குழாய் நுனியைப் பாத்துக்கிட்டே இரு. விழுந்தா சொல்லு."

"செபமாலை சொல்லலாமா?"

"சொல்லு. கண்ணை மூடாம சொல்லு."

வெயில் சாய்ந்தது. துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று வீசியது. நாடி ஒருமுறை கைக்குத் தட்டுப்படும், ஒருமுறை தேட வேண்டியிருக்கும். பிரஷர் கொஞ்சம் ஏறியது, பிறகு அசையவில்லை. சீசாவில் புதிதாக ஒன்றும் விழவில்லை. தான் கொடுத்த வாக்கு ஜீவமணிக்கு நினைவுக்கு வந்தது. வண்டி வந்தால் உண்மையிலேயே ஏற்றிவிடுவாளா? மாட்டாள். திட்டினாலும் அடித்தாலும் நகரப் போவதில்லை என்று அவள் அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

மணி அடித்தது. இஞ்ஞாசி சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து உள்ளே வந்தான். "மைனி, வண்டி—"

"ஏலே, சத்தம் போடாத!" என்று அந்தோணியம்மாள் தரையோடு தரையாகக் குனிந்தபடி சீறினாள். "விழுது!"

பால் விடாத டீ நிறத்தில் ஒரு சொட்டு. பிறகு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, இன்னொன்று. பிறகு மெல்லிய கோடாக இறங்கத் தொடங்கியது. அந்தோணியம்மாள் எழுந்து வராந்தாவுக்கு ஓடினாள். "மாதாவே! ஏ, எங்க வீட்டுக்காரரு மூத்திரம் பேஞ்சிட்டாருடியோ!" ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. தெருவுக்கும் கேட்டிருக்கும். பகவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். ஜீவமணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ரோச் பிழைத்தான். இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. அவனால் முன்போல மூழ்க முடியவில்லை. வள்ளத்தில் நின்று மற்றவர்களுக்குக் கயிறு பிடிக்கிறான். கயிறு அசைந்தால் ஒரு நொடி தாமதிக்க மாட்டான் என்று அவன் கயிற்றுக்குக் குளியாளிகளிடம் போட்டி.

டாக்டர் தான் கண்டவற்றை எழுதிச் சென்னையில் ஒரு கூட்டத்தில் வாசித்தார். சீசா முந்திச் சொல்கிறது என்றும், கால் சூடாகிவிட்டால் உடனே நம்பாமல் போர்வையைத் தூக்கிப் பாருங்கள் என்றும் அதில் இருந்தது. கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்களாம். திரும்பி வந்தவர், "இன்னும் நிறைய நோயாளிங்க கணக்கு வேணும்னு சொல்றாங்க, சிஸ்டர்" என்றார். ஜீவமணி புதிதாக வந்த சீசாக்களைக் கழுவிக் கவிழ்த்தாள்.

ஏலம் போடும் இடத்தில் அவளுக்கு இன்னும் அதே பெயர்தான். ஆனால் இப்போது அங்கே அந்தோணியம்மாள் மீன் விற்கிறாள். கையில் வீக்கத்தோடு எவனாவது வந்தால், கூடையை விட்டு எழுந்து, "இன்னைக்கு மூத்திரம் போனியாலே?" என்று ஊருக்கே கேட்கும்படி விசாரிக்கிறாள். அதற்குப் பயந்தே பாதிப் பேர் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறார்கள்.

போன வாரம் இஞ்ஞாசி வந்து நின்றான். கெளிற்று மீனின் முள் குத்திய கட்டைவிரல் லேசாகச் சிவந்திருந்தது. காய்ச்சல்கூட இல்லை.

"வெறும் விரலுதேன், நர்ஸம்மா. மைனி வீட்டுக்குள்ள விடமாட்டேங்கா" என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டினான். "அந்தச் சீசாவைத் தாங்க."