முதல் பீஸ் டீ

ராஜகீழ்ப்பாக்கத்தில் என் வீட்டு ஹாலில் ஆறு சுவிட்சுகள் இருக்கின்றன. இந்த முறை விடுமுறையில் வந்து நாலு நாள் ஆகியும் அதில் ஃபேன் எது, விளக்கு எது என்று பிடிபடவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேன். பத்தாவது படிக்கும் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பா, மூணாவது" என்பாள், வந்த விருந்தாளிக்குச் சொல்கிற பொறுமையோடு. போலந்தில் நான் தங்கியிருக்கும் அறையில் கண்ணை மூடிக்கொண்டே எல்லாவற்றையும் போட்டு அணைப்பேன். சொந்த வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறேன். என்னைப் போல வெளிநாட்டில் கிடப்பவர்களுக்கு இது புரியும். ஊரில் இருப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

கம்பெனியில் இன்னும் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் போடச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். மனைவி மாலதியிடம் கேட்டேன். அவள் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். "உங்க இஷ்டம்" என்றாள். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அந்த இரண்டு சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? வந்துவிடு என்றுதான் பொருள். ஆனால் வந்தால் மட்டும் என்ன பேசிக்கொள்ளப் போகிறோம் என்று பயமாக இருந்தது. ஐந்து வருடமாகப் போனில் "சாப்பிட்டீங்களா", "ஆச்சு, நீ?", "ஆச்சு" என்பதோடு எங்களுக்குப் பேச்சு தீர்ந்துபோகிறது. சொல்வதற்கு அங்கே எனக்கு ஒன்றும் நடப்பதில்லை என்றே நினைத்திருந்தேன்.

என் தொழில் மெஷின் செட்டிங். கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷினில் கட்டிங் டூல்களை மாட்டி, அளவு கொடுத்து, முதல் பீஸை ஓட்டிப் பார்ப்பவன் செட்டர். அந்த முதல் பீஸை இன்ஸ்பெக்ஷனில் அளந்து ஓகே சொன்னால்தான் மீதி ஆயிரம் பீஸ் ஓடும். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் நான் வேலை பழகிய பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பீஸ் முதல் தடவையிலேயே ஓகே ஆகிவிட்டால், செட்டர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். அளந்து பார்த்தவருக்குத்தான் முதல் கிளாஸ். சூடு ஆறாத பீஸை ஆளாளுக்கு வாங்கித் தடவிப் பார்ப்பார்கள். அளவு தப்பிவிட்டால் "போச்சுடா, இன்னிக்கு டீ இல்ல" என்று ஒரே கூச்சல். மயிரிழையைவிட மெல்லிய பத்து மைக்ரான் அளவுக்கு அத்தனை ஆர்ப்பாட்டம். அப்போது அது சந்தோஷம் என்றுகூட எனக்குத் தெரியாது, வேலை என்றுதான் நினைத்தேன்.

போலந்திலும் அதையே செய்தேன், புத்திகெட்டவன். நாலு வருடம் ஆபரேட்டராக ஓட்டிய பிறகு, போன விடுமுறை முடிந்து திரும்பியதும்தான் அங்கே என்னைச் செட்டர் ஆக்கினார்கள். இன்ஸ்பெக்ஷனில் இருப்பவர் பானி எவா. பானி என்றால் அங்கே அம்மா, மேடம் மாதிரி ஒரு மரியாதை. முதல் பீஸை அளந்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் "தொப்ஷே" என்பார். சரி என்று அர்த்தம், அவ்வளவுதான். முதல் தடவை தொப்ஷே சொன்னபோது ஃபிளாஸ்கில் இருந்த டீயையும், மாலதி கட்டிக் கொடுத்த முறுக்கு நாலையும் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். அடுத்த பீஸுக்கும் வைத்தேன். அதற்கடுத்த பீஸுக்கும். அந்த வாரமே ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் ஆங்கிலத்தில் கேட்டார்: "இன்ஸ்பெக்டருக்கு எதற்காகத் தின்பண்டம் கொடுக்கிறாய்?" நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன்: "பீஸை ஓகே செய்ததற்காக, சார்."

சூப்பர்வைசர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் சொன்னது லஞ்சம் கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டது மாதிரி என்று எனக்கே பிறகுதான் உறைத்தது. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, அவர்கள் விதி அப்படி. அன்றிலிருந்து தொப்ஷே கேட்டால் தலையாட்டிவிட்டு வந்து பச்சைப் பொத்தானை அமுக்குவேன். எட்டு மாதமாக அப்படித்தான். உடம்பில் ஒரு நோவும் இல்லை, ஆனால் காலையில் எழுந்தால் அசதி.

சனிக்கிழமை மாலதியின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, தாம்பரம் நெரிசலில் வெந்து, திருமுடிவாக்கத்துக்குப் போனேன். கூட வேலை பார்த்த தணிகாசலம் இப்போது அந்தப் பட்டறையில் ஃபோர்மேன். அந்த ஊர்க்காரன்தான்.

"இன்னா மச்சான், வந்து நாலு நாளாச்சாமே, ஒரு போன் கீதா? பெரிய ஆளாயிட்ட!"

"பெரிய ஆளா? அட போடா."

"அப்ப வந்துடு. செட்டிங்குக்கு ஆளு இல்லாம பேஜாரா கீது."

பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கைதட்டினார்கள். பிஜய் என்ற ஒடிசாக்காரரின் முதல் பீஸ் ஓகே. நாற்பது வயது இருக்கும். எல்லோருக்கும் டீ சொல்லி அனுப்பினார். பிறகு ஓரமாகப் போய்ப் போனில் மனைவியைக் கூப்பிட்டு, பீஸைக் கேமரா முன்னால் திருப்பித் திருப்பிக் காட்டினார். அந்த அம்மாள் எங்கோ ஒரு வாசலில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"அவங்களுக்கு இது என்னன்னு புரியுமா?" என்று கேட்டேன்.

"புரியாது அண்ணா. ஆனா ஓகே ஆச்சா இல்லியான்னு டெய்லி கேக்கும்."

பிஜயும் என்னைப் போல வீட்டைவிட்டுப் பிழைக்க வந்தவர்தான்.

சாயங்காலம் மாலதி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குக் கதை முழுவதும் சொன்னேன். "பீஸை ஓகே செய்ததற்காக, சார்" என்ற இடத்தில் சிவப்புப் பேனாவைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கும்போது பார்த்தால் அழுகை.

"எட்டு மாசமா இதை மனசுல வச்சுக்கிட்டா தினமும் சாப்பிட்டேன், சாப்பிட்டேன்னு சொன்னீங்க?"

"இதை எப்படிச் சொல்றது?"

"இப்ப சொன்னீங்கல்ல, அப்படித்தான். என்கிட்ட சொல்ல ஒண்ணும் இல்லாத ஆளாயிட்டீங்கன்னு நினைச்சேன்."

அவள் போட்ட பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, "கையெழுத்துப் போடவா, வேண்டாமா?" என்று கேட்டேன்.

"போடுங்க. பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சுக் காலேஜுக்குப் போகட்டும். ஆனா இனிமே பீஸ் ஓகே ஆச்சா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். சாப்பிட்டேன்னு மட்டும் சொன்னீங்க, போனை வச்சுடுவேன்."

போட்டேன். சந்தோஷமாகப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

போலந்துக்குத் திரும்பி வந்த இரண்டாம் நாள் பானி எவா "தொப்ஷே" என்றார். காலை ஒன்பதரை இடைவேளையில் கேன்டீனில் உட்கார்ந்து மாலதியைக் கூப்பிட்டேன். அங்கே மதியம் ஒரு மணி, ஸ்டாஃப் ரூமில் சாப்பாட்டு நேரம். "ஓகே ஆயிடுச்சு, முதல் தடவையிலேயே" என்றேன். "பானி எவா ஓகே சொல்லிட்டாங்களாம்!" என்று அவள் சத்தமாகச் சொன்னது கேட்டது. முறுக்குக் கதை அந்த ரூமுக்கே தெரிந்திருந்தது போல. எட்டுப் பத்து டீச்சர்கள் ஹோவென்று சிரித்துக் கைதட்டினார்கள். யாரோ, "அப்ப மாலதி டீச்சர் செலவுல எல்லாருக்கும் டீ, அந்த எவாம்மா பேரைச் சொல்லி!" என்றார். கிளாஸ்கள் மேஜையில் உரசுகிற சத்தம்வரை எனக்குக் கேட்டது.

எதிர் நாற்காலியில் பானி எவா தன் கோப்பையைப் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். நான் சிரிப்பதைப் பார்த்து என்ன என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர் பேரைச் சொல்லி டீ குடிக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் இன்னொரு கடிதம் வரும். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு, போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.