நாலாம் நம்பர் அக்கா எடுத்த கருத்துக்கணிப்பு

அந்த டோல் ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களிடம் அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் முழிப்பார்கள். நாலாம் நம்பர் அக்கா என்றால் உடனே முகம் மலரும். டோல்கேட்டில் நாலாம் நம்பர் பூத்தில் பதினாறு வருஷம் உட்கார்ந்து சீட்டுக் கொடுத்தவர். உயரமான லாரிகளில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கை எட்டாது என்று ஒரு குச்சியில் துணிக் கிளிப்பைக் கட்டி, அதில் சீட்டைச் செருகி நீட்டுவாராம். கண் சொக்கிப்போய் வருகிற டிரைவரைப் பார்த்துவிட்டால், ஓரமா நிறுத்தி முகம் கழுவிட்டுப் போ, வீட்டுல உன்னை நம்பி ஆள் இருக்கு என்று நாலு வார்த்தை திட்டித்தான் அனுப்புவாராம். அப்புறம் எட்டு பூத்தையும் இடித்துவிட்டு மேலே கம்பத்தில் கேமரா வைத்தார்கள். வண்டி நிற்காமலே காசு கழிந்துவிடும். அக்காவுக்கு வேலை போயிற்று.

அடுத்த வருஷம் எங்கள் சர்வே கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். அங்கே நான் சூப்பர்வைசர். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், அதை ஒரு தகுதி மாதிரி அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். ரோட்டுக்கு முப்பது வயசாகிவிட்டது, அதன் பாதுகாப்பைப் பற்றியும் அமைப்பைப் பற்றியும் ஓட்டுகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லி, ரோட்டை நடத்துகிற நிறுவனம் எங்களிடம் கொடுத்திருந்தது. இருபத்திரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டம், ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். லாரிகள் நிற்கிற திடலில் படித்த பிள்ளைகள் நாலு பேரைக் கழுத்தில் அட்டை மாட்டி நிறுத்தினேன். ஒரு டிரைவர் கண்ணாடியை இறக்கினால்தானே.

அக்கா போய் நின்றார், கதை மாறிவிட்டது. எங்க போயிட்டீங்க இத்தனை நாளா என்று வண்டியை விட்டு இறங்கி வந்தார்கள். ஒருத்தர் மகள் கல்யாணத்தைச் சொன்னார், இன்னொருத்தர் முட்டிவலியைச் சொன்னார். சொல்லிக்கொண்டே இருபத்திரண்டு கேள்விக்கும் பதில் சொன்னார்கள். பிள்ளைகள் நாலு பேரும் சேர்ந்து ஒரு நாளில் கொண்டுவந்ததை அக்கா சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிடுவார். சும்மா சொல்லக் கூடாது, அந்த வாரம் நான் நிம்மதியாக இருந்தேன்.

வாரக் கடைசியில் அவர் ஃபாரங்களைப் புரட்டினேன். சுர்ரென்று ஏறியது. கட்டத்தில் டிக் இருந்தது, ஆனால் அதோடு நிற்கவில்லை. ஓரத்து வெள்ளையில், மேலே, கீழே, சில ஃபாரங்களில் தாளைத் திருப்பிப் பின்னாலும் பொடி எழுத்தில் எழுதித் தள்ளியிருந்தார். படித்தேன். எல்லாம் ஒரே இடத்தைப் பற்றித்தான்.

பழைய டோல்கேட்டுக்கு முன்னால் ரோடு எட்டு வரிசையாக விரியும், தாண்டியதும் இருநூறு மீட்டருக்குள் இரண்டு வரிசையாகச் சுருங்கிவிடும். சுருங்குகிற அதே இடத்தில் ஃபேக்டரிப் பக்கமிருந்து ஒரு ரோடு வந்து சேருகிறது. பூத் இருந்த காலத்தில் எல்லா வண்டியும் நின்று சீட்டு வாங்கிப் புறப்படும். சுருங்குகிற இடத்துக்கு வரும்போது ஊர்ந்துகொண்டுதான் வரும், வழி விட்டுப் போய்க்கொள்ளலாம். இப்போது பூத் இல்லை, யாரும் நிற்பதில்லை, எட்டு வரிசையும் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஒரு கழுத்துக்குள் முண்டுகிறது. பூத்தை எடுத்தது வசதியா என்ற பதினாலாம் கேள்விக்கு எல்லோரும் 'மிகவும் வசதி' என்றுதான் டிக் போட்டிருந்தார்கள். அந்தக் கழுத்தைப் பற்றி ஃபாரத்தில் கேள்வியே கிடையாது. அதனால் டிக் போட்ட கையோடு அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள், அக்கா ஓரத்தில் எழுதியிருக்கிறார். ஒரு கல் லாரிக்காரர், பூத்தைத் திரும்பக் கட்டினாலும் பரவாயில்லை என்றே சொல்லியிருந்தார்.

அந்த ஒரு வரி போதாதா எனக்கு. அடடே, இதுதான் சங்கதியா என்று நினைத்தேன். பூத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குப் பூத் திரும்ப வேண்டும், அதற்கு டிரைவர்கள் வாயில் வார்த்தையைப் போடுகிறார். ஓர வரிகள் உள்ள ஃபாரங்களைத் தனியாக எடுத்து எண்ணினேன், நாற்பத்தொன்று. அதில் ஒரு ஃபாரம் பிரெட் கம்பெனி வேன் ஓட்டுகிற அவருடைய சொந்தத் தம்பியுடையது என்று பார்த்ததும் எனக்குச் சந்தேகமே போய்விட்டது. அக்காவை என் மேஜைக்குக் கூப்பிட்டேன். மற்ற பிள்ளைகளும் அறையில்தான் இருந்தார்கள், அவர்களை வெளியே அனுப்பக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"எல்லாரும் அந்த ஒரு இடத்தைத்தான் சொல்றாங்க சார். நான் எழுதாம எப்படி இருக்கறது?" என்றார்.

"வேலை போன கடுப்பை ஃபாரத்துல கொட்டாதீங்க அக்கா" என்றேன்.

முகம் சுண்டிப்போயிற்று அவருக்கு. சொந்தக்காரர்களின் கருத்தை எடுக்கக் கூடாது என்பது விதி, அதனால் தம்பி ஃபாரத்தை ரத்து செய்தேன். அதில் ஓரத்தில் இருந்தது எனக்கு இன்றைக்கும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது: 'அந்த இடம் வந்தா நான் நாற்பதுக்கு இறக்கிடுவேன். பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சே கொல்லுவான். அடிச்சா அடிக்கட்டும்.' மீதி நாற்பதையும் புதுத் தாளில் டிக் மட்டும் போட்டு எழுதித் தரச் சொன்னேன். மூலை மேஜையில் ரெண்டு நாள் குனிந்தபடி எழுதிக் கொடுத்தார். பழைய தாள்களை நானே பேப்பர் கிழிக்கிற மெஷினில் விட்டேன். நூற்றுக்கு எண்பத்திரண்டு பேர் திருப்தி என்று அறிக்கை போயிற்று. மேனேஜர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

பாவி, அரை மணி நேரம் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் ஓரமாக நின்று பார்த்திருக்கலாம். எனக்கு அந்த ரோட்டில் போகிற வேலையே இல்லை, அதனால் போகவில்லை.

ஏழு மாதம் கழித்து மழை பெய்த ஒரு காலையில் பிரெட் வேன் அந்தக் கழுத்துக்கு வந்தது. ஓட்டிவந்த அக்காவின் தம்பி வழக்கம்போல வேகத்தை இறக்கியிருக்கிறார். பின்னால் வந்த கன்டெய்னர் லாரிக்கு அது எதிர்பாராதது. வேனின் பின்பாதி முன்பாதிக்குள் போய்விட்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. நாற்பத்திரண்டு வயசு, ஒரே மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். விபத்தைப் பற்றிய முதல் அறிக்கையில், வேன் ஓட்டுநர் காரணமின்றித் திடீரென வேகத்தைக் குறைத்ததே விபத்துக்குக் காரணம் என்று எழுதிவிட்டார்கள்.

சாலை அலுவலகத்தில் விபத்தைப் பற்றி விசாரணை வைத்து, சர்வே எடுத்தவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு முந்தின நாள் அக்கா ஆபீசுக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். நஷ்டஈடு பற்றி ஒன்றும் பேசவில்லை. ரோட்டில் காரணமில்லாமல் வேகத்தைக் குறைத்தவன் என்று தம்பியைப் பற்றி எழுதியிருப்பதை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். அந்த இடத்தில் எல்லோருமே பயப்படுகிறார்கள் என்று ஒருத்தர் சொன்னால், அவன் வேகத்தைக் குறைத்ததற்குக் காரணம் இருந்தது என்று ஆகிவிடும். தாள்களைப் படித்தவர் நீங்கள் ஒருத்தர்தான் சார் என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் அவர் வீட்டுக்குப் போனார்.

சாலை அலுவலகத்தின் மாடி அறையில் விசாரணை. நீள மேஜை, அதன் பின்னால் விசாரணை அதிகாரி அம்மா, பக்கத்தில் ரோடு நிறுவனத்து ஆட்கள் மூன்று பேர். கடைசி வரிசையில் அக்காவும் அவருடைய தம்பி மனைவியும். மாடிப்படியில் ஏறும்போதே மேனேஜர் என் தோளில் கை போட்டு, பதிவுல என்ன இருக்கோ அதை மட்டும் சொல்லு, வளவளன்னு இழுக்காதே என்று சொல்லியிருந்தார். உள்ளதைச் சொன்னால் தாள்களைக் கிழித்தது நான்தான் என்று வெளியே வரும், மறுநாள் எனக்கு வேலை இருக்காது. வேறு பெரிய நியாயம் எதுவும் என்னிடம் இல்லை, வேலைக்குப் பயந்தேன்.

அந்த இடத்தைப் பற்றி டிரைவர் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று அதிகாரி அம்மா கேட்டார்.

"பதிவுல அப்படி எதுவும் இல்லைங்க மேடம்" என்றேன்.

பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அக்கா எழுந்து தான் பேச வேண்டும் என்று கேட்டார். பேச விட்டார்கள். ஒவ்வொரு டிரைவரும் சொன்னதைக் கோர்வையாகச் சொன்னார், எந்த லாரி, என்ன சரக்கு என்பது உட்பட. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் இறந்தவருக்கு யார் என்று அதிகாரி கேட்டார். கூடப் பிறந்த அக்கா என்று சொன்னார். முன்னால் பூத்தில் வேலை பார்த்தவர்தானே என்று நிறுவனத்து ஆள் ஒருவர் எடுத்துக் கொடுத்தார். அதற்குமேல் யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தீர்ப்பு முதல் அறிக்கை மாதிரியே வந்தது, 'காரணமின்றி' என்ற அந்த வார்த்தையும் அப்படியே இருந்தது. அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ரெண்டு மாதம் இப்படியே புழுங்கிவிட்டு, ஒரு நாள் லீவு போட்டு, நடந்தது அத்தனையையும் மூன்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சாலை அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். ஃபைல் முடிஞ்சு மேலிடத்துக்குப் போயாச்சு சார், ஆட்சேபத்துக்கு முப்பது நாள்தான் என்று குமாஸ்தா சொன்னார். தாளை வாங்கக்கூட இல்லை. அதே தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன்? பரவாயில்லை சார் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்றுதான். வேறெதற்கு.

ரெண்டு அறை வீடு. தம்பி குடும்பமும் இப்போது அக்காவோடுதான். கதவுக்குப் பின்னால் தம்பியின் பிரெட் கம்பெனிச் சட்டை இஸ்திரி போட்டபடி தொங்கியது. மகள் உள் அறையில் சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா என்னைப் பார்த்து, வாங்க என்றார், தண்ணீர் கொடுத்தார், எதிரே உட்கார்ந்தார். ஒரு சுடுசொல் இல்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். மடித்த தாளைப் பிரித்து நீட்டினேன். அவர் வாங்கிப் படித்துவிட்டுத் தம்பி மனைவியிடம் கொடுத்தார்.

அந்தப் பெண் மெதுவாக, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். படித்து முடித்ததும் என்னிடம் கேட்டார்.

"நெஜமாவே நாற்பத்தொரு பேரா சார்? இவரையும் சேர்த்தா?"

"சேர்த்துத்தாம்மா."

"எல்லாருமே அங்க பயந்துதான் ஓட்டுனாங்களா?"

"ஆமாம்மா. எல்லாரும்தான்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபம் இல்லை, உண்மையாகவே புரியாமல்தான் அடுத்ததைக் கேட்டார்.

"எனக்கே இவ்வளவு தெளிவா சொல்றீங்களே, அன்னைக்கு அந்த அம்மா கேட்டப்ப சொல்லியிருக்கலாமே சார்?"

உள் அறையில் பாடம் படிக்கிற சத்தம் நின்றுவிட்டது. அக்கா என் பக்கம் பார்க்கவில்லை. நான் எழுந்து, வரேன்மா என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.